குரூப் இல்லாத ரத்தமும் உடம்பு கேட்கும் கேள்விகளும்

ஜப்பானின் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஊதா நிறத்தில் ஒரு செயற்கை ரத்தம் உருவாகியிருக்கிறது, அதை எந்த குரூப்காரருக்கும் ஏற்றலாம், அறை வெப்பநிலையிலேயே 2 ஆண்டுகள் கெடாமல் இருக்கும் என்ற செய்தி காரைக்குடி வட்டாரத்தில் வாட்ஸ்அப் வழியாகப் பல மாதங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. புதுவயலில் நடந்த ஒரு ரத்ததான முகாமில், பேரனை அழைத்து வந்திருந்த ஓர் ஆச்சி என்னிடம், "ஏன் தம்பி, ஜப்பான்காரன் மருந்து மாதிரி ரத்தம் செஞ்சுட்டானாமுல்ல, இனிமே எங்க புள்ளைக கையில ஊசி குத்த வேண்டாமே?" என்று கேட்டார். கேள்வியில் கிண்டல் கொஞ்சமும் இல்லை. பேரன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். ரத்த வங்கியில் பல ஆண்டுகள் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த இடத்தில் நான் சொன்ன இரண்டு வரிப் பதில் போதாது என்று தோன்றியதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் செய்தியில் பொய் ஏதும் இல்லை. அதைப் படிக்கிறவர்கள் தாமாகச் சேர்த்துக்கொள்ளும் ஒரு முடிவில்தான் கோளாறு இருக்கிறது. குரூப் பார்க்க வேண்டியதில்லை என்றால் உடம்பு அந்தத் திரவத்தைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்ளும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் செயற்கை ரத்தம் என்ற பெயரில் வந்தவை அனைத்துமே குரூப் இல்லாதவைதான். ஆயினும் அவற்றில் எதையும் நோய் எதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்ளாமல் விட்டதில்லை.

குரூப் பார்ப்பது என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. வெள்ளைப் பீங்கான் ஓட்டின் குழிகளில் நீல நிற ஆன்டி-ஏ, மஞ்சள் நிற ஆன்டி-பி, நிறமற்ற ஆன்டி-டி ஆகிய சோதனைத் திரவங்களில் ஒவ்வொரு சொட்டு விட்டு, அதனுடன் நோயாளியின் சிவப்பணுக் கலவையைச் சேர்த்துக் குச்சியால் கலக்கி, ஓட்டை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பார்ப்போம். பொருந்தும் குழியில் சீரான சிவப்பு கலைந்து, மணல்மணலாகத் திரண்டு, இடையில் தெளிந்த நீர் தெரியும். பொருந்தாத குழியில் பால்போலச் சீராகவே கிடக்கும். பிறகு அதையே தலைகீழாகவும் செய்வோம்: நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் தெளிந்து நிற்கும் நீரை) எடுத்து, குரூப் தெரிந்த அணுக்களோடு சேர்த்துப் பார்ப்போம். 1901-இல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் கண்டறிந்ததன் சாரம் இந்தப் பீங்கான் ஓட்டிலேயே அடங்கிவிடுகிறது.

இதில் பலரும் அறியாத விசித்திரம் ஒன்று உண்டு. ஏ குரூப் குழந்தை பிறந்து சில மாதங்களிலேயே, பி குரூப் ரத்தத்தை ஒருமுறைகூடச் சந்திக்காமலேயே, அதற்கு எதிரான எதிர்ப்பொருளை, அதாவது அந்நியப் பொருளில் போய் ஒட்டும் புரதத்தை, உண்டாக்கிக்கொள்கிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள சர்க்கரைகள், சிவப்பணுவின் மேலுறையில் இருந்து குரூப்பைத் தீர்மானிக்கும் சர்க்கரைகளை ஒத்திருப்பதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஐ.ஜி.எம். வகையைச் சேர்ந்தது. அது போய் ஒட்டியவுடன், ரத்தத்தில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, அணுவின் சுவரைத் துளைத்து உடைத்துவிடுகின்றன. தவறான குரூப் ஏறினால் சில நிமிடங்களிலேயே விலா நோவும் நடுக்கமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வருவது இதனால்தான். ரத்தம் ஏற்றத் தொடங்கி முதல் 15 நிமிடம் கட்டிலை விட்டு நகரக் கூடாது என்று செவிலியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இதற்காகத்தான்.

1952-இல் பம்பாயில் பெண்டே முதலானோர் கண்டறிந்த பம்பாய் குரூப்பும் இந்த ஓட்டில் தெரியும் விசித்திரந்தான். அவர்களுடைய அணுக்கள் ஏ, பி எதிலும் திரளாததால் ஓ என்றே தோன்றும். ஆனால் அவர்களுடைய சீரம் ஓ அணுக்களையும் விடாமல் திரட்டிவிடும். ஓ அணுக்களில் இருக்கும் எச் என்ற அடிப்படைச் சர்க்கரைகூட அவர்களிடம் இல்லாததே காரணம். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பார்கள். அவர்களுக்கு இன்னொரு பம்பாய் குரூப்காரரின் ரத்தம் மட்டுமே ஆகும். குரூப் இல்லாத ரத்தம் என்ற கனவு வெறும் வசதிக்காக எழுந்ததன்று என்பதற்கு அவர்களே சான்று.

ஓட்டுச் சோதனைக்குப் பிறகு கிராஸ் மேட்ச் வருகிறது. கொடையாளியின் அணுவையும் நோயாளியின் சீரத்தையும் 37 டிகிரியில் வைத்து, கழுவி, அணுவில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கும், 1945-இல் வந்த கூம்ப்ஸ் சீரத்தைச் சேர்த்துச் சுழற்றிப் பார்க்கிறோம். இவ்வளவும் செய்து நாம் அறிவது ஒன்றைத்தான்: இந்த அணுவின் மேலுறைக்கு எதிராக ஏற்கெனவே தயாராக இருக்கும் எதிர்ப்பொருள் இந்த நோயாளியிடம் உண்டா, இல்லையா. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்பிலே உட்கார்ந்திருப்பவர் வருகிறவரை "எந்த ஊரு, யாரு மகன்" என்று விசாரிப்பதற்கு இது சமம். அதைத் தாண்டி உள்ளே போனால் வளவிலும் இரண்டாம் கட்டிலும் இருப்பவர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். அவர்கள் பெயரையும் ஊரையும் கேட்க மாட்டார்கள். வந்தவர் கையில் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

செயற்கை ரத்தத்தைத் தேடியவர்களின் முதல் எண்ணம் எளிமையானது. குரூப் என்பது அணுவின் மேலுறையில் இருக்கிறது, ஆக்சிஜனைச் சுமப்பதோ உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின். ஆகவே உறையை எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் கொடுத்தால் என்ன? 1949-இல் வில்லியம் ஆம்பர்சன் குழுவினர் ஹீமோகுளோபின் கரைசலை மனிதர்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டது. அந்தக் காலத்துக் கரைசல்களில் உடைந்த அணுவுறைத் துணுக்குகளும் பாக்டீரிய நச்சான எண்டோடாக்சினும் கலந்திருந்ததே முக்கியக் காரணம் என்று முதலில் நம்பினார்கள். அவற்றை நீக்கிய கரைசலை 1967-இல் ரபைனர் முதலியோர் முன்வைத்த பிறகும் தொல்லை முழுமையாகத் தீரவில்லை. அணுவுக்கு வெளியே வந்த ஹீமோகுளோபின் இரண்டிரண்டாகப் பிரிந்து சிறுநீரகத்தில் வடிகிறது. ரத்த நாளங்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறது. பிரிந்துபோகாமல் இருக்க மூலக்கூறுகளைக் குளுடரால்டிஹைடு போன்றவற்றால் பிணைத்தார்கள். மாட்டு ஹீமோகுளோபினிலிருந்து செய்த, நாய்களுக்கான ஆக்சிகுளோபின் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே மாட்டு ஹீமோகுளோபின் வழியில் வந்த ஹீமோப்யூர் 2001-இல் தென்னாப்பிரிக்காவில் மனிதர்களுக்கு அனுமதி பெற்றது.

மாட்டு ஹீமோகுளோபின் என்றதும் முகாமுக்கு வருகிறவர்களுக்கு முகம் சுருங்கும். ஒவ்வாமை என்றால் அங்கேதான் வெடித்திருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். உண்மையில் பாலூட்டிகளின் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று மிகவும் ஒத்தவை. தூய்மையாக எடுத்தால் எதிர்ப்பொருளைத் தூண்டுவதில் அவை மந்தமானவை. எதிர்ப்பொருள் உண்டாகவே உண்டாகாது என்று சொல்வதற்கில்லை, ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள்கள் தோன்றக்கூடும். ஆனால் இந்த மருந்துகளைக் கவிழ்த்தது அதுவன்று.

சிக்கல் ஹீமோகுளோபினின் அளவில் இருந்தது. நம் ரத்தத்தில் இயல்பாக அணுக்கள் உடையும்போது வெளிவரும் சிறிதளவு ஹீமோகுளோபினை ஹாப்டோகுளோபின் என்ற புரதம் பற்றிக்கொள்ளும். அந்த இணையை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்கள் சி.டி.163 என்ற கொக்கியால் பிடித்து உள்ளே இழுத்து அமைதியாகச் செரித்துவிடும். உடம்பிலுள்ள ஹாப்டோகுளோபின் முழுவதும் சேர்ந்தாலும் சில கிராம் ஹீமோகுளோபினைத்தான் தாங்கும். ஹீமோப்யூரின் ஒரு 250 மில்லி பையிலேயே 30 கிராமுக்கு மேல் இருக்கிறது. மிஞ்சுவது சிதையும்போது விடுபடும் ஹீம் என்ற இரும்புப் பகுதி, பாக்டீரிய நச்சைக் கண்டுகொள்வதற்காக விழுங்கணுக்களில் அமைந்திருக்கும் டி.எல்.ஆர்.4 என்ற உணர்வியையே தூண்டுகிறது என்று 2007-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிருமியே இல்லாத இடத்தில் கிருமி வந்துவிட்டது என்ற எச்சரிக்கை மணி அடிக்கிறது. போதாததற்கு, எண்டோடாக்சின் சிறிதளவு கலந்திருந்தாலும் ஹீமோகுளோபின் அதனோடு சேர்ந்து அதன் வீரியத்தைக் கூட்டிவிடுகிறது. 2008-இல் வெளிவந்த, 5 மருந்துகள் மீதான 16 சோதனைகளையும் 3,711 நோயாளிகளையும் ஒன்றாகத் தொகுத்த ஆய்வு, இறப்பு அபாயம் 30 சதவீதம் கூடுதல் என்றும் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ 2.7 மடங்கு என்றும் கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு நைட்ரிக் ஆக்சைடைச் சேரும். முழுவதையும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தலையில் ஏற்றுவது முறையாகாது.

ஆய்வகத்தில் இருந்தவன் கண்ணுக்கு மட்டும் படும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ரத்தம் ஏறியவருக்கு நடுக்கம் வந்தால் எங்களுக்கு வரும் முதல் வேலை, புதிதாக எடுத்த மாதிரியைச் சுழற்றிப் பிளாஸ்மாவின் நிறத்தைப் பார்ப்பதுதான். வைக்கோல் மஞ்சளாக இருந்தால் மூச்சு வரும்; இளஞ்சிவப்பாக இருந்தால் அணுக்கள் உடைகின்றன என்று தெரிந்து உடனே தொலைபேசியை எடுப்போம். ஹீமோகுளோபின் கரைசல் ஏறிய ஒருவருக்கு அதற்குப் பின் உண்மையான ரத்தமும் ஏற்ற நேர்ந்தால், பிளாஸ்மா எப்படியும் சிவந்துதான் இருக்கும். நிறத்தைக் கொண்டு அளக்கும் பல பரிசோதனைகளும் அதனால் குழம்பும். எதிர்விளைவு வருகிறதோ இல்லையோ, வந்தால் அதைக் கண்டுபிடிக்கும் மிக எளிய வழி அடைபட்டுவிடுகிறது.

அடுத்த வழி ஹீமோகுளோபினையே கைவிட்டது. பெர்ஃப்ளூரோகார்பன் என்ற திரவங்கள் ஆக்சிஜனைத் தம்முள் கரைத்துக்கொள்ளும் திறனுடையவை. 1966-இல் லீலண்ட் கிளார்க்கும் ஃபிராங்க் கோலனும் இத்திரவத்தில் முழுகிய எலியை மூச்சுவிட வைத்துக் காட்டினார்கள். புரதம் இல்லை, சர்க்கரை இல்லை, எந்த வேதிப்பொருளோடும் வினைபுரியாத ஜடம். நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பிடிப்பதற்கு எதுவுமே இல்லை என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? ஜப்பானின் கிரீன் கிராஸ் நிறுவனம் ஃப்ளூசால் என்ற பெயரில் அதைத் தயாரித்தது. 1989-இல் அமெரிக்காவில் இதய நாள அடைப்பை பலூனால் விரிக்கும் சிகிச்சைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 1994-இல் அது சந்தையிலிருந்து விலகிக்கொண்டது.

இந்தத் திரவம் நீரில் கலக்காது. ஆகவே நுண்துளிகளாக உடைத்து, துளிகள் ஒன்றுசேராமல் இருக்க ப்ளூரானிக் எஃப்-68 என்ற ஒரு பொருளைச் சேர்த்திருந்தார்கள். நோயாளிகள் சிலருக்கு மருந்து ஏறிய சிறிது நேரத்திலேயே நெஞ்சு இறுக்கமும் மூச்சுத் திணறலும் வந்தன. வெள்ளணுக்கள் சட்டென்று குறைந்தன. 1982-இல் வெளியான ஆய்வு, காம்ப்ளிமென்ட் புரதங்கள் தூண்டப்படுவதே இதன் காரணமாக இருக்கலாம் என்று காட்டி, முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்கும் வழியையும் சொன்னது. தூண்டியது முதன்மையாக அந்த ஜடத் திரவமில்லை. அதைக் கலக்க வைப்பதற்காகச் சேர்த்த ப்ளூரானிக்தான் என்று தெரியவந்தது. செயற்கை ரத்தத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். முக்கியப் பொருளைப் பற்றியே எல்லாரும் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, உடம்பு துணைப்பொருளைப் பிடித்துக்கொண்டது.

பிந்தைய மருந்தான ஆக்சிஜென்டில் ப்ளூரானிக்குக்குப் பதிலாக முட்டை மஞ்சள்கருவின் லெசிதினைச் சேர்த்தார்கள். உடனடித் தொல்லை குறைந்தது. ஆனாலும் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் சில நாட்கள் கழித்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் குறைவும் தெரிந்தன. கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் இந்தத் துளிகளை அள்ளி விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் உப்பிப்போய், காய்ச்சலைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. உடம்பால் சிதைக்க இயலாத அந்தத் திரவம் பிறகு மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்பி, நுரையீரல் வழியாக ஆவியாய் வெளியேறும். ஆக்சிஜென்டின் பெரிய சோதனை 2001-இல் நின்றுபோனதற்குக் காரணம் பக்கவாத நிகழ்வுகள். அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இப்போது ஊதா ரத்தத்துக்கு வருவோம். காலாவதியான தானரத்தத்திலிருந்து ஹீமோகுளோபினைப் பிரித்து, சுத்திகரித்து, கொழுப்புப் படலத்தாலான நுண்பைக்குள் அடைக்கிறார்கள். பையின் விட்டம் ஏறத்தாழ 250 நானோமீட்டர். நம் சிவப்பணுவின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு. ஆக்சிஜன் இல்லாத நிலையில் சேமிப்பதால்தான் அந்த ஊதா நிறம். ஹீமோகுளோபின் உறைக்குள்ளேயே இருப்பதால் நான் மேலே சொன்ன நைட்ரிக் ஆக்சைடு தொல்லை பெருமளவு குறைகிறது. உறையில் குரூப் சர்க்கரை எதுவும் கிடையாது. அருமையான யோசனை என்பதில் எனக்கு ஐயமில்லை. (தானரத்தத்திலிருந்துதான் இது தயாராகிறது என்ற வரியை வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறவர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள். ஆச்சியின் பேரன் இன்னும் ஊசி குத்திக்கொள்ளத்தான் வேண்டும்.)

ஆனால் உறை திரும்பி வந்ததும் உறையைப் பார்க்கிறவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். ஹங்கேரியரான யானோஸ் செபெனி, 1990-களில் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் கொழுப்புப் பைகளில் அடைத்த ஹீமோகுளோபினை ஆராய்ந்தபோது, அது எலிகளிலும் பன்றிகளிலும் காம்ப்ளிமென்ட் புரதங்களைத் தூண்டுவதைக் கண்டார். சில நிமிடங்களில் நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறும். தட்டணுக்கள் தற்காலிகமாகக் குறையும். பார்த்தால் அசல் ஒவ்வாமை போலவே இருக்கும். ஆனால் வழக்கமான ஒவ்வாமைக்கு ஐ.ஜி.இ. எதிர்ப்பொருள் வேண்டும், அது உருவாக முன்பே ஒருமுறை அறிமுகமாகியிருக்க வேண்டும். இதற்கோ முன் அறிமுகம் தேவையில்லை. முதல் சந்திப்பிலேயே வரும். சிதைந்த காம்ப்ளிமென்ட் புரதத்தின் துண்டுகளான சி3ஏ, சி5ஏ ஆகியவை ஒவ்வாமைப் பொருள்களைச் சுரக்கும் மாஸ்ட் அணுக்களையும் வெள்ளணுக்களையும் கிளறிவிடுவதே காரணம். இதற்குப் போலி ஒவ்வாமை என்று பெயர் வைத்தார்கள். மருந்தை மிக மெதுவாக ஏற்றினால் இது வெகுவாகக் குறைகிறது. குருதியிழப்பால் அழுத்தம் சரிந்தவருக்கு அவசரமாகக் கொட்ட வேண்டிய திரவத்தை மெதுவாகத்தான் ஏற்ற முடியும் என்பது எவ்வளவு பெரிய தர்மசங்கடம் என்பதை அவசரப் பிரிவில் நின்றவர்கள் அறிவார்கள். படலத்தின் மின்னேற்றம், கொழுப்பின் வகை ஆகியவற்றை மாற்றி இந்தத் தூண்டுதலைக் குறைக்க நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள்.

நுண்பைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் விழுங்கணுக்களின் கண்ணில் சட்டென்று படாமலும் இருக்க அவற்றின் மேல் பாலிஎத்திலின் கிளைக்கால், சுருக்கமாகப் பெக், என்ற இழைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். முதல் தவணைக்கு இது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பெக் போர்த்திய நுண்பைகளைச் சிறிய அளவில் ஒருமுறை ஏற்றி, சில நாட்கள் கழித்து மீண்டும் ஏற்றினால், இரண்டாவது தவணை ரத்தத்திலிருந்து மிக வேகமாக மறைந்துவிடும் என்று 2000-ஆம் ஆண்டளவில் விலங்குகளில் கண்டார்கள். முதல் தவணையைக் கண்ட மண்ணீரலில் உள்ள பி அணுக்கள் (பி குரூப் அணுக்கள் அல்ல, எதிர்ப்பொருளை உண்டாக்கும் வெள்ளணு வகை) பெக்குக்கு எதிரான ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றன, இரண்டாம் தவணை வந்ததும் அது ஒட்டிக்கொள்ள, காம்ப்ளிமென்ட் சேர, கல்லீரல் அள்ளிக்கொண்டுவிடுகிறது. ஒளிந்துகொள்ளப் போர்த்திய போர்வையே அடையாளமாகிவிடுகிறது. இதிலும் கவனிக்க வேண்டியது, பெக் நாம் அன்றாடம் புழங்கும் பொருள். மலச்சிக்கல் மருந்திலும் குடல் உள்நோக்கிச் சோதனைக்கு முன் குடிக்கக் கொடுக்கும் கரைசலிலும் முகப்பூச்சுகளிலும் இருக்கிறது. பெக் சேர்த்த ஊசி மருந்து எதையும் எடுக்காதவர்களில் சிலருக்குக்கூட அதற்கான எதிர்ப்பொருள் முன்பே இருப்பது தெரிந்திருக்கிறது. ஏ குரூப் குழந்தைக்கு பி எதிர்ப்பொருள் வந்த கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பீங்கான் ஓட்டில் தெரியாத இன்னொரு குரூப் என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

2022-இல் வெளியான முதல் மனிதச் சோதனையில் 12 ஆரோக்கியமான ஆண்களுக்கு 10, 50, 100 மில்லி என்ற அளவுகளில் ஊதா ரத்தத்தை ஏற்றினார்கள். சிலருக்கு லேசான, தானே அடங்கிய எதிர்விளைவுகள் வந்தன. 100 மில்லி என்பது நாம் முகாமில் எடுக்கும் 350 மில்லிப் பையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 100 முதல் 400 மில்லி வரை ஏற்றும் அடுத்த கட்டத்தை 2025 மார்ச்சில் தொடங்கவிருப்பதாக நாரா பல்கலைக்கழகம் அறிவித்தது.

இது வெற்றி பெற்றாலும் எந்த இடத்துக்குப் பொருந்தும் என்பதை நோய் எதிர்ப்பு மண்டலமே தீர்மானிக்கும். நம் சிவப்பணு 120 நாட்கள் ஓடுகிறது. அதன் மேல் இருக்கும் சி.டி.47 என்ற புரதம் விழுங்கணுக்களிடம் தன்னை விழுங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. செயற்கைப் பைகளுக்கோ ஹீமோகுளோபின் கரைசல்களுக்கோ அந்தச் சலுகை இல்லை; அவற்றின் ஆயுள் மணிக்கணக்கில், அதிகம் போனால் ஓரிரு நாட்களில் முடிந்துவிடும். குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகும் தைப்பூச நாட்களில், பிரதான சாலையில் அடிபட்டவர் ஒருவர் மதுரைக்குக் கொண்டுபோகப்படும் வரை தாக்குப்பிடிக்க அது போதும். ஆம்புலன்சில் குளிர்பெட்டியோ குரூப் சோதனையோ இல்லாமல் ஏற்றக்கூடிய ஒரு பை அங்கே உயிரைப் பிடித்து வைக்கும். பம்பாய் குரூப்காரருக்கு அவசர அறுவை சிகிச்சையின்போதும் அப்படியே. மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா குழந்தைக்கு இது ஆகாது. முதல் பை தருவதை இரண்டாம் பை தருமா என்பதே அங்கே கேள்விக்குறி. தவிரவும், சில மணி நேரமே ஓடும் ஒன்றை ஒரு மாதத் தேவைக்கு எத்தனை பை ஏற்றுவது? அந்தக் குழந்தைகளுக்கான நம்பிக்கை வேறு திசையில், ஆய்வகத்தில் வளர்த்த உண்மையான சிவப்பணுக்களில் இருக்கிறது. 2022 நவம்பரில் பிரிட்டனில் அவற்றைச் சில தேக்கரண்டி அளவில் முதன்முதலாக ஏற்றியதாக அறிவித்தார்கள். அவற்றுக்குக் குரூப் உண்டு. கிராஸ் மேட்சும் பார்க்கத்தான் வேண்டும்.

ஆகவே நாராவிலிருந்து அடுத்த முடிவு வெளியாகும்போது, எல்லா குரூப்புக்கும் ஏற்றது என்ற தலைப்பை நான் தாண்டிப் போய்விடுவேன். ஏற்றிய முதல் அரை மணியில் சி3ஏ எவ்வளவு ஏறியது, எந்த வேகத்தில் ஏற்றினார்கள், முன்கூட்டி ஸ்டீராய்டு கொடுத்தார்களா, பெக் எதிர்ப்பொருள் முன்பே இருந்தவர்களைத் தனியே பார்த்தார்களா, ஒரே ஆளுக்குச் சில நாள் இடைவெளியில் இரண்டாவது முறை ஏற்றியபோது எவ்வளவு நேரம் ரத்தத்தில் நின்றது என்ற அட்டவணைகளைத்தான் முதலில் தேடுவேன். இரண்டாவது ஏற்றத்துக்கான அட்டவணை இல்லையென்றால், அந்த மருந்தைப் பற்றி ஆச்சிக்குச் சொல்வதற்கு என்னிடம் புதிதாக ஏதும் இருக்காது.